மன்னார்க் கடலும் தொடுதிரையும்: மின் இரைச்சலை அடக்கிய வரலாறு

மன்னார்த் தீவின் நகர்ப் பகுதியை அடுத்துள்ள உப்புக்குளம், தன் பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்கும் ஊராகும். கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல அங்குள்ளன. இன்று வள்ளத்தில் ஏறுபவரின் மடியில் வெற்றிலைப் பையோடு கைத்தொலைபேசியும் இருக்கின்றது. நடுக்கடலில் வலையிழுத்த கையோடு அதன் திரையைத் தொட்டால், சில வேளை அது தொட்டதை உணர்வதில்லை. சில வேளை தொடாத எண்ணும் பதிந்துவிடுகின்றது. கரைக்கு வந்து மின்னேற்றியில் தொடுத்துவிட்டுத் தொட்டாலும், மின்னேற்றி தரங்குறைந்ததாயின், திரை தானே துள்ளுவதுண்டு. பொருளைக் குறை கூறிவிட்டு விடத்தக்க சிறு தொல்லையாகவே இது தோன்றும். ஆயின் இத்தொல்லையின் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டுக் கால அறிவியல் வரலாறொன்று உண்டு. அவ்வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று மன்னார்க் கடலினூடாகவே சென்றது என்பது நம்மவர் பலர் எண்ணிப் பாராத செய்தியாகும்.

இக்கட்டுரை தொடுதிரையிற் கலக்கும் மின் இரைச்சலை அடக்கும் முறைகள் எங்கிருந்து வந்தன என்பதை ஆராய்கின்றது. இரைச்சல் என்னும் சொல் இங்கே காதுக்குக் கேட்கும் ஓசையைக் குறிப்பதன்று. வேண்டிய செய்தியோடு கலந்து, அதனை மறைக்கின்ற வேண்டாத மின்னசைவு யாவும் இரைச்சலேயாம். வேண்டியது எது, வேண்டாதது எது என்பதை வகுப்பது இயற்கையன்று. கருவியைச் செய்யும் மனிதனே அதனை வகுக்கின்றான். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் வரலாறு முழுவதும் தெளிவாகும்.

விரலும் தந்தியும்

இந்திய நாட்டில் மின் தந்திச் சோதனைகளை முதன்முதலில் நடாத்தியவர்களுள் வில்லியம் புரூக் ஓஷோனசி என்னும் மருத்துவர் முதன்மையானவர். 1839இல் அவர் கல்கத்தாவில் பல மைல் நீளமான கம்பியை நிலத்தின்மேல் அமைத்து, ஊக்ளி ஆற்று நீரையே சுற்றின் ஒரு பகுதியாகப் பயன்படுத்திச் செய்தி அனுப்பினார். செய்தியை வாங்கியவர் அதனைக் கண்ணாற் காணவில்லை. விரலில் ஏற்பட்ட மின்னதிர்ச்சியாலேயே உணர்ந்தார். மின்சாரத்துக்கும் மனித விரலுக்கும் இடையே செய்தித் தொடர்பு ஏற்பட்ட தொடக்க நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. பின்னர் ஓஷோனசியின் மேற்பார்வையில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் 1855ஆம் ஆண்டளவில் தந்தியால் இணைக்கப்பட்டன. 1850களின் இறுதியில் இத்தந்தி இராமேசுவரத் தீவிலிருந்து கடலடிக் கம்பி மூலம் தலைமன்னார்ப் பக்கம் வந்து, மன்னார் வழியாக இலங்கையை இந்தியாவோடு இணைத்தது. மன்னாருக்கும் மறுகரைக்கும் இடையே தோணிகள் மட்டும் சுமந்த செய்தி, அப்போது கடலுக்கடியிற் செல்லத் தொடங்கியது.

கடலடிக் கம்பி புதியதொரு சிக்கலைக் கொணர்ந்தது. கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலால் உறையிடப்பட்ட செப்புக் கம்பி கடலுக்குள் கிடக்கும்போது, கம்பி ஒரு தகடாகவும், சூழவுள்ள உப்புநீர் மறு தகடாகவும், இடையிலுள்ள உறை காவலியாகவும் அமைந்துவிடுகின்றன. இது 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிற் கண்டறியப்பட்ட லெய்டன் சாடியின் அமைப்பேயாகும். கடலடிக் கம்பி முழுவதும் ஒரு நீண்ட கொள்ளளவி என்பதை 1854இல் மைக்கேல் பரடே விளக்கினார். அனுப்பப்படும் மின்னின் பெரும் பகுதி முதலில் இந்த நெடுஞ்சாடியை நிரப்பவே செலவாகின்றது. எனவே கூர்மையாகப் புறப்பட்ட துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து, மெல்லத் தணியும் அலையாகவே வந்து சேரும். ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து அனுப்பினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பொருளிழந்துவிடும்.

இத்தாமதம் கம்பியின் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பதைப் பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன் 1855இல் கணித முறையில் நிறுவினார். தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமுடையது. அத்திலாந்திக் பெருங்கடலின் கம்பியோ 3,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. நீளம் நூறு மடங்காயின், ஒரே வகைக் கம்பியில் தாமதம் பதினாயிரம் மடங்காகும். ஆதலின் மன்னார்க் கடலிற் பொறுத்துக்கொள்ளக்கூடியதாயிருந்த அதே இயற்கை, அத்திலாந்திக்கில் பெருந்தடையாய் எழுந்தது. 1858 ஆகத்து மாதத்தில் அங்கு கம்பி இணைக்கப்பட்டபோது, விக்டோரியா இராணியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணித்தியாலம் பிடித்தது.

அங்கு இரு வழிகள் மோதின. கம்பியின் மின்னியலாளராயிருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ், வலிமையைக் கூட்டினால் செய்தி தெளியும் என நம்பி, ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறைகளோடு கடலில் இறங்கியிருந்த கம்பி சில வாரங்களிற் செயலிழந்தது. தொம்சனோ அனுப்பும் வலிமையைக் கூட்டாது, வாங்கும் நுட்பத்தைக் கூட்டினார். ஒளிக்கதிரை அசைக்கும் சிறு கண்ணாடி கொண்ட அவரது கல்வனோமானி, மிக நுண்ணிய ஓட்டத்தையும் காட்டவல்லது. 1866இல் அத்திலாந்திக் தந்தி நிலைபெற்றபோது வென்றது அவரது வழியேயாம். உரத்துக் கூவுவதினும் கூர்ந்து கேட்பதே மேல் என்னும் பாடம், இரைச்சலை அடக்கும் கலையின் முதற் பாடமாயிற்று.

ஒருவருக்கு இரைச்சல், இன்னொருவருக்குச் செய்தி

1859 செப்தெம்பர் மாதத் தொடக்கத்தில் உலகின் பல பகுதிகளிலும் தந்திக் கம்பிகள் கட்டுக்கடங்காது துடித்தன. மின்கலம் இணைக்காமலேயே சில கம்பிகளில் ஓட்டம் பாய்ந்தது. கதிரவனிலிருந்து எழுந்த பெரும் புயலொன்று புவியின் காந்தப் புலத்தைக் குலுக்கியதே காரணம். தந்தியாளருக்கு அது வெறுந் தொல்லை. பம்பாயின் கொலாபா அவதான நிலையத்திற் காந்தமானியைப் பார்த்துக் குறித்தவர்களுக்கோ அது அரிய தரவு. நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரும் அப்புயலின் வலிமையைக் கணிக்க அறிஞர் அக்குறிப்புகளை நாடினர்.

இதே கதை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் குழப்பிய இரைச்சலின் மூலத்தைத் தேடிய கார்ல் யான்ஸ்கி, அதன் ஒரு பகுதி பால்வீதியிலிருந்தே வருவதை 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் துறை அவ்விரைச்சலிற் பிறந்தது. அதற்கு முன்னர், வானொலிக் கருவிக்கு அருகே கையைக் கொண்டுசென்றால் அதன் இசைவு மாறிவிடும் தொல்லையைத் தொடக்ககால வானொலியாளர் அறிந்திருந்தனர். மனித உடல் ஒரு கடத்தியாதலின், அது அருகே வரும்போது சுற்றின் கொள்ளளவம் மாறும். உருசிய நாட்டு லெவ் தேர்மின் 1920ஆம் ஆண்டளவில் இத்தொல்லையையே கருவியாக்கி, தொடாமலே கையசைவால் இசைக்கத்தக்க வாத்தியமொன்றைச் சமைத்தார்.

இவ்வாறு, கடலடியிலே செய்தியைக் கெடுத்த கொள்ளளவமும், வானொலியிலே இசைவைக் குலைத்த உடற்கொள்ளளவமும், காலப்போக்கில் செய்தி சொல்லும் வாயிலாயின. இத்திருப்பத்தின் தொடர்ச்சியே தொடுதிரையாகும்.

தொடுதிரையின் பிறப்பு

இங்கிலாந்தின் மோல்வேர்ண் நகரிலிருந்த றோயல் ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜொன்சன், விரலாற் தொட்டு இயக்கும் கொள்ளளவத் திரையைப் பற்றி 1965இல் எழுதினார். வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் விரைந்து பணியாற்ற உதவுவதே அவர் நோக்கம். செனீவா அருகிலுள்ள சேர்ண் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஸ்டம்பே 1970களின் தொடக்கத்தில் ஒளிபுகும் தொடுதிரையொன்றை ஆக்கினார். பிராங்க் பெக் என்பவரோடு இணைந்து அமைத்த இத்திரைகள், அங்குள்ள பெரிய துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் 1976இற் பணிக்கு வந்தன. 2007இல் ஐபோன் சந்தைக்கு வந்தபின், பல விரல்களை ஒருங்கே உணரும் கொள்ளளவத் திரை உலகின் பொதுச் சொத்தாயிற்று.

இத்திரையின் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. கண்ணாடிக்கு அடியில் ஒளிபுகும் கடத்திகள் கிடையாகவும் நெடுக்காகவும் வரிசைகளாக அமைந்துள்ளன. ஒரு வரிசைக்குத் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. குறுக்கே செல்லும் வரிசை அத்துடிப்புகளை வாங்குகின்றது. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு கொள்ளளவி. விரல் அருகே வரும்போது மின்புலத்தின் ஒரு பகுதியை அது தன்பால் ஈர்த்துக்கொள்வதால், அவ்விடத்தின் கொள்ளளவம் குறைகின்றது. இக்குறைவு ஒரு பிக்கோபரட்டினும் சிறியது. ஒரு பிக்கோபரட்டு என்பதோ பரட்டின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய மாற்றத்தைக் கேட்க முயலும் செவிக்கு அயலிலுள்ள ஒவ்வோர் அசைவும் ஆரவாரமே. அடியிலுள்ள படத்திரை ஓயாது மின்னைத் தூண்டிக்கொண்டிருக்கின்றது. கருவியின் கடத்திகளிலேயே வெப்பத்தால் இலத்திரன்கள் ஓயாது அசைகின்றன. இவ்வெப்ப இரைச்சலை 1928இல் ஜோன் ஜொன்சனும் ஹரி நைகுவிஸ்ற்றும் அளந்து விளக்கினர். இதனை முற்றாக ஒழிக்க எவராலும் இயலாது.

எல்லாவற்றிலும் தொல்லை மிக்கது மின்னேற்றி. தரங்குறைந்த மின்னேற்றி, வீட்டு மின்சாரத்தை மாற்றும்போது எழும் உயர் மீடிறன் அசைவைத் தொலைபேசிக்குள் கசியவிடுகின்றது. அப்போது தொலைபேசி முழுவதுமே புவியைச் சார்ந்து மேலும் கீழுமாய் ஆடுகின்றது. அலையில் ஆடும் வள்ளத்தினுள் இருப்பவை யாவும் வள்ளத்தோடு சேர்ந்தே ஆடுவதால், உள்ளிருப்போருக்கு ஒன்றோடொன்று வேறுபாடு தோன்றாது. இறங்குதுறையில் நிற்பவர் வள்ளத்தின் விளிம்பைப் பற்றினால்தான் ஆட்டத்தின் வேகம் அவர் கையிற் புலப்படும். அதுபோன்றே, புவியோடு தொடர்புடைய மனிதன் திரையைத் தொடும்போதுதான் இரைச்சல் உள்ளே நுழைகின்றது. அதுவும் தொட்ட இடத்திலேயே நுழைகின்றது. ஆகவே தொடாதபோது அமைதியாயிருக்கும் திரை, தொட்டவுடன் பொய்த் தொடுகைகளைக் காட்டுகின்றது.

பழைய மருந்துகள், புதிய நோய்

இந்நோய்க்குப் பொறியியலாளர் கையாளும் மருந்துகள் பெரும்பாலும் முன்னோர் வேறு நோய்களுக்குக் கண்டவையே. முதலாவது கவசம். கடத்தியாற் சூழப்பட்ட கூண்டுக்குள் வெளி மின்புலம் புகாது என்பதைப் பரடே 1836இற் காட்டினார். படத்திரைக்கும் தொடுகடத்திகளுக்கும் இடையே புவித்தொடுப்புப் படலமொன்றை இடுவது அக்கூண்டின் வழிவந்ததே. தொம்சன் தம் மின்மானியில் அளக்கும் தகட்டைச் சுற்றி, அதே அழுத்தத்திலுள்ள காவல் வளையம் ஒன்றை வைத்தார். அளக்கும் கடத்தியும் அதன் அயற் கடத்தியும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் இடையே மின்னேற்றம் பாயாது. கசிவும் அளவைக் கெடுக்காது. இன்றைய தொடுகருவிகளின் காவற் படலம் இதே தத்துவத்தைப் பின்பற்றுகின்றது.

இரண்டாவது சமநிலை. பழைய தந்தியும் தொடக்ககாலத் தொலைபேசியும் ஒற்றைக் கம்பியையும் புவியையும் கொண்டே இயங்கின. அயற்கம்பிகளின் செய்தியும், பின்னர் வந்த மின் வண்டிகளின் ஓட்டமும் அச்சுற்றிற் புகுந்தன. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவாய் விழும். வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கிய கம்பி இணைக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881இற் காப்புரிமை பெற்றார். அயலிலுள்ள இரு தொடுகடத்திகளின் அளவுகளை ஒன்றிலிருந்தொன்று கழிப்பதும் இம்முறையேயாம்.

மூன்றாவது பொறுமை. ஒரே அளவைப் பலமுறை எடுத்துச் சராசரி காணின், செய்தி நிலைத்து நிற்கும்; ஒழுங்கற்ற இரைச்சல் தன்னைத்தானே ஓரளவு அழித்துக்கொள்ளும். 16 முறை அளந்தால் இரைச்சல் நான்கிலொன்றாகவும், 100 முறை அளந்தால் பத்திலொன்றாகவும் குறையும். 1946இல் றொபேட் டிக்கே, தாம் அளக்கும் குறியைக் குறித்த தாளத்தில் மாறிமாறித் திறந்து மூடி, அத்தாளத்தோடு பொருந்துவதை மட்டும் பிரித்தெடுத்தார். தொடுதிரையும் தான் அனுப்பிய துடிப்பின் தாளத்தையே வாங்கும் முனையில் எதிர்பார்க்கின்றது, ஏனையவற்றைத் தள்ளிவிடுகின்றது.

நான்காவது இடமாற்றம். இரைச்சல் ஒரு மீடிறனில் மிகுந்திருப்பின், கருவி வேறொரு மீடிறனுக்குத் தாவுகின்றது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தீலும் 1942இல் மீடிறன் தாவலுக்குக் காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டின் வானொலிக் கட்டுப்பாட்டைப் பகைவர் குழப்பாதிருத்தலே அவர்தம் நோக்கமாகும். கலைத்துறையினர் இருவர் வகுத்த வழியும் இரைச்சலை வெல்லும் முறைகளின் வரலாற்றில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

எனினும் எல்லா மருந்துக்கும் விலையுண்டு. நூறு முறை அளந்தால் திரை தெளிவாகும். ஆயின் விடை தாமதிக்கும். துடிப்பின் வலிமையைக் கூட்டினால் செய்தி ஓங்கும். மின்கலம் விரைவில் தீரும். தீர்ப்புக்கு உயர்ந்த எல்லையை வைத்தால் பொய்த் தொடுகை ஒழியும். மெல்லத் தொடும் முதியவரின் விரலும் புறக்கணிக்கப்படும். இரைச்சலுள்ள வழியிற் செய்தி செல்லும் வேகத்துக்கு வரம்புண்டு என 1948இல் குளோட் ஷனன் நிறுவினார். அவ்வரம்புக்குள் எதை விட்டு எதைப் பெறுவது என்பது மனிதரின் தெரிவாகும்.

உப்பு நீரும் உழைக்கும் கையும்

இத்தெரிவு எவருக்காகச் செய்யப்பட்டது என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா. தொடுதிரை வான்போக்குவரத்து நிலையத்திலும் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையிலும் பிறந்தது. அங்கு தொட்டவை கூரையின்கீழ் அமர்ந்து பணிபுரிவோரின் உலர்ந்த விரல்கள். அத்திரை பின்னர் மனிதரின் சட்டைப்பைக்குள் ஏறி, சோளகமும் வாடையும் மாறிமாறி வீசும் கரைக்கும் வந்து சேர்ந்தது. கடல்நீர், குடிநீரிலும் ஏறத்தாழ நூறு மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும். திரையின்மேற் பரவிய உப்புநீர்ப் படலம் பல கடத்திகளை ஒன்றாய்ப் பிணைத்து, விரல் எங்கே, நீர் எங்கே என்று பிரித்தறிய முடியாதபடி செய்கின்றது. தூய நீர்த்துளியைப் புறக்கணிக்கக் கற்ற கருவியும் உப்புநீர்முன் தடுமாறுகின்றது.

இதற்கும் வழிகள் காணப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு கடத்திக்கும் புவிக்கும் இடையிலுள்ள கொள்ளளவத்தை ஒருமுறையும், இரு கடத்திகளுக்கு இடையிலுள்ள கொள்ளளவத்தை மறுமுறையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால் நீரையும் விரலையும் ஓரளவு வேறுபடுத்தலாம். எனினும் கையைத் துடைத்துத் திரையையும் துடைத்தபின் தொடுவதே வள்ளத்தில் இருப்பவருக்கு இன்னும் நம்பத்தக்க வழி. அவசர வேளையில் அதற்கு உலர்ந்த துணி வேண்டும். கடலிலோ உலர்ந்த துணி அரிது. எனவேதான் கடலுக்குச் செல்லும் கருவிகளில் அழுத்தும் பொத்தான்கள் இன்னும் பொருளுள்ளவையாய் இருக்கின்றன.

வரலாறு காட்டும் முறைமை இங்கும் பொருந்துகின்றது. ஒரு காலத்தில் இரைச்சல் என ஒதுக்கப்பட்டதைக் கூர்ந்து நோக்கியவர்களே புதிய கருவிகளையும் புதிய துறைகளையும் தந்தனர். பரடே கடலடிக் கம்பியின் தொல்லையை ஆராய்ந்தார். தேர்மின் கையின் தொல்லையை இசையாக்கினார். யான்ஸ்கி வானின் தொல்லையைப் பின்தொடர்ந்தார். உப்பூறிய கையின் தொடுகை இன்றைய திரைக்கு இரைச்சலாயிருப்பது அக்கையின் குற்றமன்று. அக்கையைச் செய்தியாகக் கொள்ளும் கருவியை வடிக்கும் பணி இன்னும் முழுமை பெறவில்லை என்பதே அதன் பொருள்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மன்னார்க் கரையில் ஏறிய தந்திக்கம்பி, கடல்நீர் எவ்வாறு கொள்ளளவியின் தகடாகின்றது என்னும் உண்மையைத் தன்னோடு சுமந்து வந்தது. அதே கடல்நீர் இன்று உப்புக்குளத்து உழைப்பாளியின் விரலில் ஒட்டிக்கொண்டு அதே உண்மையை நினைவூட்டுகின்றது. அறிவியல் பயிலும் மாணவர் இதனைக் கணக்காகவும், கலை பயிலும் மாணவர் இதனை வரலாறாகவும் காண்பர். இரு சாராரும் ஒருங்கே நோக்குவராயின், எவருடைய கையை நினைந்து கருவி செய்யப்படல் வேண்டும் என்னும் வினாவுக்கு நம் கரையிலிருந்தே விடை எழுதல் கூடும்.